அடுத்த சிட்டிங் வரைக்கும்

சென்னை சென்ட்ரல் அருகே புறப்படும் பூந்தமல்லி நெடுஞ்சாலை கீழ்ப்பாக்கம், அமைந்தகரை, கோயம்பேடு, மதுரவாயல், வானகரம் என்று மேற்கே ஓடிப் பூந்தமல்லியில் போய்ச் சேர்கிறது. அதற்கு வடக்கே வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகிறது, 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை. சாலையும் ரயிலும் போகும் இந்த மேற்குப் பக்கத்தில்தான் சென்னையின் மனநல வரலாறு பெருமளவு நடந்திருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம். அண்ணா நகர் மேற்கு விரிவில் ஸ்கார்ஃப் என்கிற மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளை. முகப்பேரில், வீடற்ற மனநோயுள்ள பெண்களுக்காகப் பேனியன் அமைப்பு தொடங்கிய ‘அடைக்கலம்’. மனநலத்தோடு சம்பந்தமில்லாதவை போலத் தெரியும் இரண்டு இடங்களையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும்: ஆவடியில் அகில இந்திய வானொலியின் ஒலிபரப்பு வளாகம், பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும் பிரெய்ல் அச்சகமும்.

மனநலச் சிகிச்சைக்கு வருகிறவருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தாலே அதிகம். மற்ற நேரமெல்லாம் அவர் வீட்டில், வேலையில், பஸ்ஸில் இருக்கிறார். ஒரு சிட்டிங் முடிந்து அடுத்த சிட்டிங் வரும் வரைக்கும் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்ற கேள்விக்கு உலகம் கண்ட விடைகளில் முக்கியமானவை இரண்டு: படிக்க ஒரு புத்தகம், கேட்க ஒரு குரல். தமிழில் இரண்டுக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட செழிப்பான வரலாறு உண்டு. ஆனால் அந்த வரலாறும் சிகிச்சையின் வரலாறும் அடுத்தடுத்த தெருக்களில் நடந்துபோய், அபூர்வமாகவே சந்தித்துக்கொண்டன.

இடைவெளி பிறந்த கதை

சென்னையில் மனநோயாளிகளுக்கென்று ஒரு விடுதியை 1794-இல் தொடங்கியவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர் வாலன்டைன் கானலி. கைமாறி, இடம் மாறி, 1871-இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. அந்தக் காலத்துக் காப்பகத்தில் ‘இரண்டு சந்திப்புகளுக்கு இடையில்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. உள்ளே போனவர் உள்ளேயே இருந்தார். பலர் ஆயுள் முழுக்க இருந்தார்கள். குடும்பம் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது. ஊர் அந்த மதில் சுவரைப் பார்த்துப் பயந்தது. கீழ்ப்பாக்கம் என்ற பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்த பழக்கம் சென்னையில் இன்னும் முழுதாகப் போகவில்லை.

1950-களில் மனநோய்க்கான புதிய மருந்துகள் வந்தன. 1961-இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக, இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படும் சாரதா மேனன் பொறுப்பேற்றார். 1978 வரை அவர் அங்கே இருந்த காலத்தில் புறநோயாளிகள் பிரிவு வளர்ந்தது. நோயாளிகள் வேலை பழகும் தொழிற்சிகிச்சை மையம் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு, 1984-இல், ஸ்கார்ஃப் அமைப்பை உருவாக்கியவர்களில் முதன்மையானவராகவும் அவரே இருந்தார். நோயாளியை உள்ளே வைப்பது சிகிச்சை என்றிருந்த எண்ணம், நோயாளி வீட்டிலிருந்து வந்து போவது சிகிச்சை என்று மாறியபோதுதான் இடைவெளி பிறந்தது. மாத்திரைச் சீட்டோடு ஒருவர் வீட்டுக்குப் போகிறார். அடுத்த முறை வரும் வரை அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் நடப்பது எதுவும் மருத்துவர் கண்ணில் படுவதில்லை.

அதே ஆண்டுகளில்தான் மேற்குப் புறநகரும் உருமாறியது. அம்பத்தூரில் 1949-இல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஏரியும் வயலும் சூழ்ந்த ஊர்கள் ஷிப்டு முறைக்குப் பழகின. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து ஒண்டுக்குடித்தனத்தில் தங்கியவர்களுக்குச் சொந்த ஊரின் ஆறுதல்கள் எட்டவில்லை. பகல் ஷிப்டுக்காரர் காலை ஓ.பி.க்குக் கீழ்ப்பாக்கம் போனால் ஒரு நாள் கூலி போகும். போனாலும், கூட்டத்தில் மருத்துவரிடம் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். வசதியுள்ளவருக்கு இடைவெளி ஒரு வாரம் என்றால், தொழிலாளிக்கு அது ஒரு மாதம், இரண்டு மாதம்.

புத்தகம் முன்னே போனது

தமிழில் தன்னுதவி நூலின் தொடக்கத்தைத் தேடிப் போனால் ஒரு சிறைக்கூடத்தில் போய் நிற்கிறோம். 1908-இல் தண்டிக்கப்பட்டுச் செக்கிழுத்த வ.உ. சிதம்பரம் பிள்ளை, ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலன் 1903-இல் எழுதிய சிறு நூலைத் தமிழாக்கினார். 1909-இல் ‘மனம் போல வாழ்வு’ வெளிவந்தது. விடுதலைக்குப் பிறகு, 1914-இல், ஆலனின் இன்னொரு நூல் ‘அகமே புறம்’ என்ற பெயரில் வந்தது. கப்பல் கம்பெனி நொறுங்கி, வழக்கறிஞர் உரிமை பறிபோய், உடல் தளர்ந்த ஒருவர், எண்ணம் வாழ்வை எப்படி ஆக்குகிறது என்று சொல்லும் நூலைத் தேர்ந்தெடுத்தார் என்பதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. அவர் அதைப் பிறருக்கு மட்டும் மொழிபெயர்க்கவில்லை, தனக்கும் சேர்த்தே செய்துகொண்டார் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

அதன் பிறகு இந்த ஓடை வற்றவே இல்லை. எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் சென்னையிலிருந்து எழுதிக் குவித்த முன்னேற்ற நூல்கள் பல தலைமுறை இளைஞர்களின் அலமாரியில் இருந்தன. எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ வேலையில்லாத பட்டதாரிகளின் கைகளில் சுற்றியது. ஆனந்த விகடனில் சுவாமி சுகபோதானந்தா எழுதிய ‘மனசே ரிலாக்ஸ் ப்ளீஸ்’ தொடர், மனம் என்ற பொருளை வாராவாரம் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தது. மனநல மருத்துவர்களும் பொதுமக்களிடம் பேச முன்வந்தார்கள். ருத்ரன் தமிழில் எழுதினார். மாத்ருபூதம் ‘புதிரா புனிதமா’ நிகழ்ச்சியில், வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசாத பாலியல் சந்தேகங்களுக்குத் தொலைக்காட்சியிலேயே பதில் சொன்னார்.

இவற்றையெல்லாம் படித்து ஆறுதல் அடைந்தவர்கள் ஏராளம். குறை ஒன்றே ஒன்று. படித்தவரிடம், ‘எதுவரை படித்தீர்கள், எதைச் செய்து பார்த்தீர்கள், எங்கே இடறியது?’ என்று அடுத்த வாரம் கேட்க யாரும் இல்லை. தெம்பாக இருப்பவருக்கு அந்தக் கேள்வி தேவைப்படாமல் போகலாம். மனச்சோர்வில் இருப்பவருக்கோ பத்துப் பக்கம் படிப்பதே மலை. படிக்க முடியாமல் போனால், அதையும் தன் தோல்விக் கணக்கில் எழுதிக்கொள்வார்.

மேலைநாடுகளில் இதே காலத்தில் புத்தகம் வேறொரு பாதையில் சிகிச்சை அறைக்குள் நுழைந்தது. நோய்க்குப் புத்தகம் பரிந்துரைப்பதைப் பற்றி அமெரிக்கப் பாதிரியார் சாமுவேல் குரோதர்ஸ் 1916-இல் ஒரு மாத இதழில் எழுதினார். 1961-இல் ஆல்பர்ட் எல்லிஸ், நோயாளிகள் தாங்களே படித்துப் பயிலும்படி ஒரு நூலை இணைந்து எழுதினார். 1979-இல் ஆரோன் பெக்கும் அவர் சகாக்களும் மனச்சோர்வுக்கான அறிவுசார் சிகிச்சை நூலை வெளியிட்டபோது, வீட்டுப்பாடம் அதன் எலும்புக்கூடாகவே இருந்தது. எந்த நேரத்தில் எந்த எண்ணம் வந்தது, அப்போது என்ன செய்தோம் என்று நோயாளி ஏட்டில் குறித்துக்கொண்டு வருவார். அடுத்த சந்திப்பு அந்த ஏட்டிலிருந்து தொடங்கும். மறுவருடம் பெக்கின் மாணவர் டேவிட் பர்ன்ஸ் அதே முறையைப் பொதுமக்களுக்கான நூலாக்கினார். 1989-இல் ஃபாரஸ்ட் ஸ்கோகின் குழுவினர், மிதமான மனச்சோர்வில் இருந்த முதியவர்களிடம் அந்த நூலைக் கொடுத்துச் சோதித்து, படித்தவர்கள் தேறியதைக் கண்டார்கள். அந்தச் சோதனையில் புத்தகத்தோடு இன்னொன்றும் இருந்தது: வாராவாரம் சில நிமிடத் தொலைபேசி அழைப்பு.

குடிநோயாளிகளின் உலகில் இந்த இணைப்பு முன்னதாகவே நடந்துவிட்டது. 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1939-இல் தன் அடிப்படை நூலை வெளியிட்டது. கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் அதைப் படிப்பதும், மூத்த உறுப்பினர் ஒருவரிடம் அன்றாடம் பேசுவதும் ஒன்றாகவே நடக்கும். சென்னையில் தமிழிலும் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிநோயைக் குடும்பமே பங்குபெற வேண்டிய சிகிச்சையாக இங்கே நிலைநிறுத்தியது. ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் வழியில் டாஸ்மாக் இருக்கும் அம்பத்தூர்த் தொழிலாளிக்கு இடைவெளி என்பது என்னவென்று விளக்கத் தேவையில்லை. அது தினமும் சாயங்காலம் வருகிறது.

குரல் வந்த வழி

எழுத்தைவிடக் குரலுக்குத் தமிழ்நாட்டில் வீச்சு அதிகம். படிக்கத் தெரியாதவரையும், படித்துக் களைத்தவரையும் அது எட்டும். 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி சென்னையில் வானொலி மன்றம் தொடங்கினார். பிறகு மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. கடற்கரையோர நிலையத்தில் பேசும் குரல் மேற்கே ஆவடியின் கோபுரங்கள் வழியாகவும் காற்றில் ஏறியது. 1980-களின் இறுதியில் தொடங்கிய தென்கச்சி கோ. சுவாமிநாதனின் ‘இன்று ஒரு தகவல்’, காலை அவசரத்தில் சில நிமிடம் மனத்தைத் தணித்து அனுப்பும் குரலாகிப் பல ஆண்டுகள் நிலைத்தது. அவர் சிகிச்சை என்று எதையும் சொல்லவில்லை. ஒரு சின்னக் கதை, அதில் ஒரு சிரிப்பு, கடைசியில் நினைத்துப் பார்க்க ஒரு விஷயம். தினமும் அதே நேரத்தில், அவசரமே இல்லாத அதே குரலில் வந்தது என்பதுதான் அதன் பலம். கேட்கும் பயிற்சிகளை வடிவமைப்பவர்கள் இன்றும் அவரிடம் கற்க வேண்டியது இந்த ஒழுங்கையும் நிதானத்தையும்தான்.

வானொலி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பேசியது. கேசட் ஒரே ஒருவருக்காகப் பேச முடிந்தது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் சிறு கேசட்டைக் கொண்டுவந்த பிறகு, உளவியலாளரின் குரல் நோயாளியின் வீட்டுக்குப் போவது எளிதாயிற்று. முதலில் போனது தசைத் தளர்வுப் பயிற்சி. எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இல் நூலாக்கிய முறை அது. கை விரல்களிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தசைத் தொகுதியையும் இறுக்கி, பிறகு தளர்த்தி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உடலுக்குக் கற்றுக்கொடுப்பது. ஜோசப் வோல்ப் 1950-களில் அதைச் சுருக்கிப் பயத்துக்கான சிகிச்சையில் சேர்த்தார். இந்திய மருத்துவமனைகளிலும் மருத்துவ உளவியலாளர்கள் இதைப் பரவலாகக் கற்பிக்கிறார்கள். எந்தத் தசைக்குப் பிறகு எது என்ற வரிசை வீட்டுக்குப் போனதும் மறந்துவிடும் என்பதால், இதற்கு ஒலிப்பதிவு மிகவும் பொருந்தியது.

ஒலிப்பதிவை முழுச் சிகிச்சைக்கே கருவியாக்கியவர் ஆஸ்திரேலிய மருத்துவர் கிளேர் வீக்ஸ். பதற்ற நோய் பற்றிய அவரது நூல் 1962-இல் வந்தது. எதிர்கொள், ஏற்றுக்கொள், மிதந்து போ, காலத்தை அதன் போக்கில் விடு என்ற நான்கு படிகள்தான் அவர் சொன்னது. வீட்டை விட்டு வெளியே வரவே பயப்படுகிறவர்களை மருத்துவமனைக்கு வரச் சொல்லிப் பயனில்லை என்பதால், தன் குரலைப் பதிவு செய்து அவர்கள் வீட்டுக்கு அனுப்பினார். இப்படித் தொலைவிலிருந்து வழிநடத்திய 500-க்கும் மேற்பட்டவர்களின் நிலையை 1973-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரையாக்கினார். பயம் பொங்கி வரும் அந்த நிமிடத்தில் காதில் கேட்க வேண்டிய வார்த்தைகளை அந்த நிமிடத்துக்காகவே எழுதிப் பேசினார் என்பதே அவர் ஒலிப்பதிவுகளின் சிறப்பு.

சென்னையில் இதற்கு ஒப்பான பழக்கம் யோக ஆசிரியர்களிடம் இருந்தது. டி.கே.வி. தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தில் ஒருவருக்கு ஒரு ஆசிரியர் என்ற முறைதான் அடிப்படை. வந்தவரின் வயது, உடல், கவலை எல்லாம் கேட்டு, அவருக்கென்று சில ஆசனங்களையும் மூச்சுப் பயிற்சியையும் கோட்டுப் படமாக ஒரு தாளில் வரைந்து கொடுப்பார்கள். அவர் அதை வீட்டில் செய்துவிட்டு அடுத்த முறை வருவார், தாள் திருத்தப்படும். அச்சடித்த நூல் எல்லோருக்கும் ஒன்றே சொல்லும். இந்தத் தாள் ஒருவருக்காக மட்டும் எழுதப்பட்டது.

பூந்தமல்லிக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி, பிரெய்ல் அச்சகம், பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் ஆகிய மூன்றும் இருக்கும் ஊர் அது. 1930-களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பார்வையற்றவர்களுக்காகவே பேசும் புத்தகங்கள் பிறந்தன. இன்று பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் ஒலிநூல்களின் மூதாதை அவைதான். தமிழ்நாட்டிலும் பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடங்களைக் கேசட்டில் வாசித்துப் பதிவு செய்து கொடுத்த தன்னார்வலர்கள் ஏராளமானோர். எந்த வேகத்தில் வாசித்தால் மனத்தில் தங்கும், எங்கே நிறுத்த வேண்டும், குரலில் எவ்வளவு உணர்ச்சி போதும் என்பதெல்லாம் அவர்களுக்கு அனுபவத்தில் கிடைத்த அறிவு. மனநல ஒலிப்பதிவு செய்ய நினைப்பவர் தேடிப் போக வேண்டிய முதல் ஆட்கள் அவர்கள்.

தசைத் தளர்வுப் பயிற்சியைத் தமிழில் நோயாளியின் பண்பாட்டோடு இணைத்துச் செய்து காட்டியவர் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். போரால் மனம் காயப்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்த அவர், உளக்காயத்தைப் பற்றி ‘மனவடு’ என்ற நூலைத் தமிழில் எழுதினார். தளர்வுப் பயிற்சி கற்பிக்கும்போது ஜேக்கப்சன் முறையோடு, அந்த மனிதருக்கு ஏற்கெனவே தெரிந்ததையும் பயன்படுத்தினார். இந்துவுக்கு ஓங்காரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிமுக்கு திக்ர், கூடவே சாந்தியாசனமும் மூச்சுப் பயிற்சியும். டேப் ரெக்கார்டரும் மின்சாரமும் நிச்சயமில்லாத ஊரில், சிறுவயதிலிருந்தே நாவில் இருக்கும் சொற்களே ஒலிப்பதிவின் வேலையைச் செய்தன. மருத்துவர் அதைச் சிகிச்சையின் பகுதியாக்கினார். எத்தனை முறை, எப்போது செய்வது என்று சொல்லிக்கொடுத்தார்.

தனியாகவா, துணையோடா

புத்தகமும் ஒலிப்பதிவும் தானாகவே வேலை செய்துவிடுமா? அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் ரோசன் 1970-களில் இதைச் சோதித்தார். பாம்புப் பயம் உள்ளவர்களுக்கு எழுத்து வழிப் பயிற்சி கொடுத்து, தாங்களே வீட்டில் செய்யச் சொன்னார்கள். ஏறத்தாழ பாதிப்பேர்தான் முடித்தார்கள். முடித்தவர்களுக்குப் பயம் குறைந்தது. அடுத்து, ஊக்கம் கூடும் என்று எண்ணி, தனக்குத் தானே பரிசு கொடுத்துக்கொள்ளும் ஒப்பந்தம் ஒன்றை அதே பயிற்சியில் சேர்த்தார்கள். தாங்களே செய்தவர்களில் ஒருவர்கூட அதை முடிக்கவில்லை. நல்லெண்ணத்தோடு சேர்த்த சிறு மாற்றம் மொத்தப் பயிற்சியையும் கெடுத்துவிட்டது. சோதிக்காத நூல்களைச் சிகிச்சை என்ற பெயரில் விற்பதைப் பற்றி ரோசன் பிறகு தொடர்ந்து எச்சரித்துவந்தார்.

இந்தியாவில் கிடைத்த சான்று இன்னும் நெருக்கமானது. டெல்லியின் ஆறு அரசுப் பள்ளிகளில் 251 மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. பிரச்சினைகளை எப்படிப் பிரித்துப் பார்த்துத் தீர்ப்பது என்பதைச் சித்திரக் கதை வடிவில் சொல்லும் சிறு நூல்களை ஒரு பிரிவினருக்குக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு அதே நூல்களைக் கொடுத்ததோடு, பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரும் அவர்களைச் சில முறை சந்தித்துப் பேசினார். ஆலோசகர் இருந்த பிரிவில், மாணவர்கள் தாங்களே குறிப்பிட்ட பிரச்சினைகள் கூடுதலாகக் குறைந்தன. பொதுவான மன அறிகுறிகளின் அளவில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அந்த ஆலோசகர்கள் மனநல மருத்துவர்களோ உளவியல் நிபுணர்களோ அல்ல என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

சென்னையே பங்கெடுத்த ஓர் ஆய்வு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் அதை நடத்தியது. இந்தியாவுக்குச் சென்னை, இலங்கைக்குக் கொழும்பு. சென்னைப் பணியில் முன்னின்றவர், 1986-இல் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு அதோடு, வீடு திரும்பும் முன் ஒரு மணி நேரம் விளக்கப் பேச்சு. பிறகு 18 மாதங்களில் 9 முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிப்பு. 2008-இல் வெளியான முடிவின்படி, 1,867 பேரில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பிரிவில் 2.2 சதவீதத்தினர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். நலம் விசாரிக்கப்பட்ட பிரிவில் அது 0.2 சதவீதம். புதிய மருந்து ஒன்றும் தரப்படவில்லை. அடுத்த தேதியில் ஒருவர் அழைப்பார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒலிப்பதிவையும் மனிதத் துணையையும் சேர்த்து அமைத்த முறைக்கும் முன்னுதாரணம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஒரு பயிற்சியில் ஐந்து சந்திப்புகள். ஒவ்வொன்றிலும் முன்பே பதிவு செய்த குரல் பாடம் நடத்தும். எளிய பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் ஒருவர் அதை ஓட்டி, குழுவை நடத்துவார். வீட்டுக்குக் கொண்டுபோகப் படங்கள் நிறைந்த நூல் ஒன்று. உகாண்டாவில் தஞ்சம் புகுந்த 694 தெற்குச் சூடான் பெண்களிடம் இதைச் சோதித்து, மன உளைச்சல் குறைந்ததை 2020-இல் வெளியிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் எட்டும்படி, அவர்கள் பேசும் மொழியிலேயே பதிவு செய்தார்கள்.

மேற்குப் புறநகரில் இன்று

2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்று சொன்னது. தமிழ்நாடும் அந்தக் கணக்கெடுப்பில் இருந்தது. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது. தொழிற்பேட்டைக்கு அருகிலேயே கண்ணாடிக் கட்டடங்களில் ஐ.டி. நிறுவனங்கள் வந்து, இரவு ஷிப்டு வேறொரு தலைமுறையின் தூக்கத்தையும் எடுத்துக்கொண்டது. தனியார் ஆலோசகர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. அவர்கள் கட்டணத்தை வாராவாரம் கட்டக்கூடியவர்கள் குறைவு. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸில், 14416 என்ற இலவச எண்ணில், தமிழிலும் பேச முடிகிறது. தற்கொலை எண்ணம் வருகிறவரும், மனச்சிதைவு போன்ற கடும் நோய் உள்ளவரும் ஒலிப்பதிவையோ புத்தகத்தையோ மட்டும் நம்பி இருக்கக் கூடாது. அவர்களுக்கு முதலில் வேண்டியது மனிதரும் மருத்துவமும்.

இன்னொரு பக்கம், கைப்பேசியைத் திறந்தால் தமிழில் மனத்தைப் பற்றிப் பேசும் குரல்கள் கொட்டிக் கிடக்கின்றன. தியானம், ஊக்கப் பேச்சு, தூங்கவைக்கும் இசை, ஜோதிடம் எல்லாம் ஒரே வரிசையில் வருகின்றன. எது சோதித்துப் பார்த்த முறை, எது ஒருவரின் சொந்த நம்பிக்கை என்று கேட்பவருக்கு எதுவும் பிரித்துச் சொல்வதில்லை. ஆலோசகர் ஆங்கிலத்தில் இருக்கும் நல்ல பதிவைப் பரிந்துரைத்தால், அம்பத்தூரை அடுத்த பாடியில் லேத் ஓட்டுபவருக்கு அது உதவாது. பாடப்புத்தகத் தமிழில் மொழிபெயர்த்தால் மனத்தில் ஒட்டாது. வ.உ.சி. தொடங்கி உதயமூர்த்தி வரை எழுத்திலும், தென்கச்சியார் குரலிலும் நமக்கு வாய்த்த நல்ல தமிழ், சிகிச்சை அறைக்குள் மட்டும் இன்னும் வரவில்லை.

அதற்கு வேண்டிய அமைப்புகள் புதிதாக வர வேண்டியதில்லை. சுதந்திர இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பில் சென்னை மாகாணம் 1948-இல் அதை இயற்றியது. அதற்கும் முன்னால், 1931-இல், மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியிலேயே நூலகம் போயிருக்கிறது. இன்று மாநிலம் முழுவதும் 4,500-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. மேற்குப் புறநகரிலும் கிளை நூலகங்கள் உண்டு. பிரிட்டனின் கார்டிஃப் நகரில் உளவியலாளர் நீல் ஃப்ரூட் 2003-இல் தொடங்கிய திட்டத்தில், மருத்துவர் ஒரு நூலின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். நோயாளி அதைப் பொது நூலகத்தில் காட்டி வாங்கிப் போவார். எந்த நூல்கள் அந்தப் பட்டியலில் இடம்பெறலாம் என்பதை உளவியலாளர்கள் முடிவு செய்தார்கள். திட்டம் வேல்ஸ் முழுவதும் பரவி, 2013-இல் இங்கிலாந்திலும் தேசிய அளவில் தொடங்கப்பட்டது.

ஆவடியும் பூந்தமல்லியும் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தில் இதைச் செய்ய முதலில் வேண்டியது ஒரு சிறிய பட்டியல். மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, குடி, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தின் களைப்பு என்று ஐந்து பொருள்களுக்குத் தலா ஒரு சிறு நூல், பத்து நிமிட ஒலிப்பதிவுகள் சில. ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் மின்சார ரயிலில் நின்றுகொண்டே கேட்கும்படி அவை இருக்க வேண்டும். எழுத உளவியலாளரோடு ஒரு தமிழ் எழுத்தாளர், வாசிக்கப் பூந்தமல்லிப் பக்கத்து வாசிப்பாளர்கள், சோதித்துப் பார்க்க ஆராய்ச்சி அனுபவம் உள்ள ஸ்கார்ஃப் போன்ற நிறுவனம், கொடுக்க நூலகம். மாவட்ட மனநலத் திட்டத்தில் இருக்கும் ஆலோசகர் அடுத்த சந்திப்பின் முதல் ஐந்து நிமிடத்தை அதற்கென்று ஒதுக்க வேண்டும்: என்ன கேட்டீர்கள், எதைச் செய்தீர்கள், எதைச் செய்ய முடியவில்லை என்று. வர முடியாதவருக்கு, சென்னை ஆய்வில் செய்தது போலக் குறித்த தேதியில் ஒரு தொலைபேசி அழைப்பு. இந்த வேலைகளில் செலவு பிடிப்பது கடைசி இரண்டும்தான், ஏனென்றால் அவற்றுக்குச் சம்பளம் பெறும் மனிதர் வேண்டும். நிதி கேட்கும்போது அந்த இரண்டையும் முதல் வரியில் எழுதிக் கேட்க வேண்டும்.